வாசனைக்கு மூச்சு முட்டுவது மனப்பிரமை அல்ல

தொய்வு (ஆஸ்துமா) உள்ள ஒருவர் ஊதுபத்திப் புகையைக் கண்டு ஒதுங்கினாலோ, செத்தல் மிளகாய் தாளிக்கும் நெடிக்கு இருமத் தொடங்கினாலோ, "எல்லாம் மனப்பயம்" என்று சொல்லி முடித்துவிடுவது நமது வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. ஒவ்வாமைப் பரிசோதனையில் அந்த நெடிகள் எதுவும் பிடிபடாததால், அந்தக் கூற்றுக்கு ஒரு விஞ்ஞான மதிப்பும் கிடைத்துவிடுகிறது. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியின் டீசல் புகைக்கு நடுவே பம்ப்புடன் (இன்ஹேலருடன்) வாழ்பவன் என்ற முறையில், இந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை எழுத விரும்புகிறேன்.

சுவாசக்குழாயின் உட்சுவரில் பரவியுள்ள உணர்ச்சி நரம்பு நுனிகளில் பெரும்பாலானவை, மூளைத்தண்டிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பைச் சேர்ந்தவை. மிளகாயின் காரத்தை உணரும் டிஆர்பிவி1 என்னும் வாங்கி (தூண்டலைப் பிடித்து உணரும் புரதம்) இவற்றில் பலவற்றில் உண்டு. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் அடையாளம் கண்டதும், 2021இல் அவர் நோபல் பரிசு பெறக் காரணமானதும் இந்த வாங்கிதான். புகையிலுள்ள அக்ரோலீன் போன்றவற்றை உணர்வது அதன் உறவான டிஆர்பிஏ1. நெடி பட்டதும் செய்தி மூளைத்தண்டுக்குச் சென்று, வேகஸ் நரம்பின் வேறு இழைகள் வழியாகத் திரும்பி வர, அங்கே சுரக்கும் அசற்றைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருள் குழாயைச் சூழ்ந்த மழமழப்பான தசையைச் சுருக்குகிறது. இந்தச் சுற்று முழுவதும் ஒவ்வாமை இல்லாமலேயே நடக்கக்கூடியது.

அமெரிக்க நரம்பியல் விஞ்ஞானி சார்ல்ஸ் சூக்கரின் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டிமிட்ரி டிராங்னர் குழுவினர், டிஆர்பிவி1 கொண்ட வேகஸ் நரம்புக் கலங்களைச் சுண்டெலிகளில் அழித்துப் பார்த்து, 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சுவாசக்குழாயின் அழற்சி அப்படியே இருந்தது. ஆனால் அளவுமீறிச் சுருங்கும் தன்மை போய்விட்டது. அழற்சியும் இழுப்பும் ஒன்றல்ல, இரண்டுக்கும் நடுவில் நரம்பு நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் வாசித்ததில்லை.

சுண்டெலி மனிதனல்ல என்பார்கள், நியாயந்தான். அமெரிக்காவின் ஒரிகன் சுகாதார, விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தில் அலிசன் ஃப்ரையர், டேவிட் ஜேக்கபி ஆகிய ஆய்வாளர்களுடன் பணியாற்றிய மத்தியூ டிரேக், 2018இல் மனிதரின் சுவாசக்குழாய்த் துணுக்குகளை ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டார். விடாமல் தொடரும் மிதமான ஆஸ்துமா உள்ளவர்களிடம், இலேசான ஆஸ்துமா உள்ளவர்களையும் ஆரோக்கியமானவர்களையும் விட நரம்புகள் அடர்த்தியாக இருந்தன. அந்த அடர்த்தி, நெடிகளுக்கு அதிகம் கூசுவதோடும், குழாயை விரிக்கும் மருந்துக்குச் சரியாக இசையாததோடும் தொடர்புற்றிருந்தது. அதாவது, "எனக்கு மணம் பட்டாலே முட்டும்" என்று ஒருவர் முறையிடும்போது, அவருடைய குழாயில் உண்மையிலேயே கூடுதல் நரம்புகள் இருக்கக்கூடும்.

நரம்பு வழியாக ஆஸ்துமாவை அடக்கும் வழி நமது பக்கத்திலிருந்துதான் மேற்கே போனது. ஊமத்தையைப் புகைக்கும் வழக்கத்தை 1802இல் ஜெனரல் ஜென்ட் சென்னையிலிருந்து பிரித்தானியாவுக்குக் கொண்டுபோனார். அதிலுள்ள அற்றோப்பின் அசற்றைல்கோலினைத் தடுக்கிறது. இன்று பம்ப்களில் வரும் இப்ராட்ரோபியம், டியோட்ரோபியம் என்ற மருந்துகளும் அதே வழியில் வேலை செய்பவை. (பாட்டி வைத்தியம் என்று யாரும் ஊமத்தையைத் தேடிப் போக வேண்டாம். அது சித்தத்தைக் கலக்கும் நஞ்சு.)

இதையெல்லாம் படித்துவிட்டு, "ஆஸ்துமா நரம்பு நோய்தானாம், ஸ்டீரொய்ட் பம்ப் தேவையில்லையாம்" என்று வாட்ஸ்அப்பில் பரப்பப் போகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. டிரேக் அதே ஆய்வில் சுண்டெலிகளையும் பார்த்திருந்தார்; அவற்றில் நரம்பு அடர்த்தியைக் கூட்டியவை ஈசினோபில் என்ற அழற்சிக் கலங்கள். அவை வெளியிடும் ஒரு புரதம், அசற்றைல்கோலின் அளவு மீறாமல் காக்கும் எம்2 வாங்கிகளை முடக்குவதையும் ஜேக்கபியும் ஃப்ரையரும் 1990களிலேயே காட்டியிருந்தார்கள். அந்தக் கலங்களைக் குறைப்பது தடுப்புப் பம்ப் எனப்படும் அதே ஸ்டீரொய்ட் பம்ப்தான். அதை நிறுத்துகிறவர் நரம்பை மேலும் கூச வைக்கிறார்.

காற்று மோசமாகிப் பாடசாலைகளை மூடிய 2022 டிசம்பரை நாம் மறந்திருக்க மாட்டோம். வீதிப் புகையை ஒருவரால் நிறுத்த முடியாது. ஆனால் வீட்டில் நுளம்புச்சுருளும் சாம்பிராணியும் யாருடைய கையில் இருக்கின்றன? கிளினிக்குக்குப் போகும்போது எந்த நெடிக்கு முட்டுகிறது, உடனடி நிவாரணத்துக்கான நீலப் பம்ப் அடித்து எவ்வளவு நேரத்தில் குறைகிறது என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அடித்தும் குறையாவிட்டால், கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.