புள்ள "போதும்"னு சொன்னா போதும்

புள்ளைங்கள கஷ்டமான மலைக்கெல்லாம் கூட்டிட்டு போகலாமா வேணாமான்னு எங்க ஃபேமிலி வாட்சப் குரூப்ல கொஞ்ச நாளா பெரிய பேச்சு. நான் போகணும்ங்கற கட்சி, அதுல மாத்தமே இல்ல. கடலூர்ல வளர்ற புள்ளைங்களுக்கு மலைன்னா என்ன? பரீட்சைக்கு முன்னாடி பேனா வச்சு கும்பிட கூட்டிட்டு போற திருவந்திபுரம் ஹயக்ரீவர் கோயில், அது 74 படி. இல்லன்னா கேப்பர் மலை, அதுவும் பஸ்லயே ஏறிப் போற மேடு. இதுல வளர்ற புள்ள ஒரு நிஜமான மலைய கைய ஊனி கால ஊனி ஏறி, மூச்சு வாங்கி, மேல போய் நின்னு கீழ பாக்கணும், அந்த அனுபவம் எந்த சம்மர் கேம்ப்லயும் கெடைக்காது.

ஆனா கூட்டிட்டு போற விதம் இருக்கு பாருங்க, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

குரூப்ல ஒரு ரீல் வந்துச்சு. பர்வதமலை, கடப்பாரை நெட்டு. பையனுக்கு அஞ்சு வயசு இருந்தா அதிகம். கம்பிய கட்டிப் புடிச்சுக்கிட்டு தேம்பி தேம்பி அழுவுறான், பின்னாடி இருந்து அவங்கப்பா "ஏறு சிங்கக்குட்டி, ஏறு ஏறு"ன்னு கத்துறாரு, ஒரு கையில ஃபோன். ஒரு கையில ஃபோன்ங்க! அந்தப் புள்ள கை நழுவினா புடிக்கறதுக்கு அவருகிட்ட மிச்சம் இருக்கறது ஒரே ஒரு கை. கமெண்ட்ல பூரா "வேற லெவல்", "தம்பி கெத்து". அதப் பாத்துட்டு எங்க சித்தப்பா "இதுக்குதான் புள்ளைங்கள மலைக்கே கூட்டிட்டு போகக்கூடாதுங்கறேன்"னு போட்டாரு. ரெண்டுமே தப்புன்னு நான் நெனக்கிறேன், அதான் இவ்ளோ பெரிசா எழுதறேன்.

பர்வதமலை தெரியாதவங்களுக்கு, திருவண்ணாமலைல இருந்து போளூர் போற பக்கம், தென்மாதிமங்கலம் வழியாவும் ஏறலாம், கடலாடி வழியாவும் ஏறலாம். உயரம் 4560 அடின்னு சொல்லுவாங்க. ஆரம்பத்துல படி, அப்புறம் காட்டுக்குள்ள கல்லும் வேருமா பாதை, அதுக்கப்புறம்தான் செங்குத்தான பாறைல கடப்பாரைய அடிச்சு எறக்கி வச்சிருக்கற அந்த எடம், ஏணிப்படி எல்லாம் வருது. மேல மல்லிகார்ஜுனர், பிரமராம்பிகை. நம்ம கையாலயே சாமிக்கு பூஜை பண்ணலாம்ங்கறது அங்க ஒரு பெரிய விசேஷம்.

நாங்க போனது தை மாசத்துல, நான், வீட்டுக்காரர், ஆறாவது படிக்கற பொண்ணு, மூணாவது படிக்கற பையன். கெளம்பறதுக்கு முன்னாடி வீட்லயே பேசி வச்சோம். யாரு எந்த எடத்துல "போதும்"னு சொன்னாலும் அதோட ஒருத்தர் அவங்க கூட எறங்கிடணும், ஏன் எதுக்குன்னு கேள்வி கெடையாது. காட்டுப்பாதை முழுக்க பையன்தான் முன்னாடி, அவன் வேகம்தான் எங்க எல்லாருக்கும் வேகம். கடப்பாரை நெட்டுகிட்ட வந்ததும் நின்னான். கம்பி மேல உள்ளங்கைய வச்சான், எடுத்து ட்ரவுசர்ல தொடச்சான், திரும்ப வச்சான், திரும்ப தொடச்சான். மேல பாத்தான். "அம்மா, நான் இங்கயே இருக்கட்டுமா?" அவ்ளோதான் கேட்டான். சரிடா தம்பின்னு நான் அவன் கூட ஒக்காந்துட்டேன், பொண்ணும் அவங்கப்பாவும் மேல போனாங்க.

அப்ப ஏறிட்டிருந்த ஒரு அம்மா சொன்னாங்க, "இவ்ளோ தூரம் வந்துட்டு சாமியப் பாக்காம திரும்பறதா, கூப்பிட்ட சாமி கோச்சுக்கும்மா, எழுப்பி கூட்டிட்டு வா"ன்னு. அவங்க பக்தில சொன்னாங்க, எனக்கு கோவம் இல்ல. ஆனா இந்த பேச்சுதான் நெறைய அப்பா அம்மாவ தள்ளுது, பாதில திரும்பினா தெய்வ குத்தம்னு ஒரு பயம். திருவண்ணாமலைல மலையே சிவன்னுதான கும்பிடறோம்? உச்சிக்கு போகாம 14 கிலோமீட்டர் அடிவாரத்த சுத்திட்டு வர்ற லட்சக்கணக்கான ஜனங்களுக்கு புண்ணியம் இல்லையா? பயந்து போய் நிக்கற கொழந்தைய இழுத்துட்டு வரணும்னு எந்த சாமியும் கேக்காது, இத நான் மனசார நம்பறேன்.

இதுல இன்னொரு விஷயம். புள்ள வாயத் தொறந்து போதும்னு சொல்றதுக்கு ரொம்ப முன்னாடியே அதோட உடம்பு சொல்ல ஆரம்பிச்சிடும். தொணதொணன்னு பேசிட்டு வந்த புள்ள திடீர்னு அமைதியாயிடும், சமதரைல கால் தடுக்கும், காரணமே இல்லாம தங்கச்சிகூட சண்டை போடும், முகம் சிவந்து போயிருக்கும், ரொம்ப நேரமா ஒண்ணுக்கே போயிருக்காது. இதெல்லாம் பாத்துட்டே வரணும். ஏன்னா அப்பா ஆசையா கூட்டிட்டு வந்திருக்காரு, வேணாம்னா மூஞ்சி வாடிடும்னு புள்ளைக்கு தெரியும், அதனாலயே சொல்லாது. கூட பத்து பேரு பாத்துட்டு, ஃபோன் வேற முகத்துக்கு நேரா இருந்தா சுத்தமா சொல்லாது.

எறங்கறதப் பத்தி யாருமே யோசிக்கறதில்லங்க. உச்சிக்கு போயிட்டா முடிஞ்சுதுன்னு நெனப்பு. ஏறும்போது மூச்சுதான் வாங்கும், எறங்கும்போதுதான் முட்டி நடுங்கும், விரல் போய் ஷூ முனைல இடிக்கும், புள்ளைக்கு கவனமும் போயிருக்கும். இருக்கற தெம்புல பாதிய எறக்கத்துக்குன்னு எடுத்து வைக்கணும். நாங்க பொறுமையா எறங்கி கீழ மோர் குடிச்சிட்டு ஒக்காந்திருந்தோம், பொண்ணு எறங்கி வந்தப்ப தொடை ரெண்டும் வெடவெடன்னு ஆடுது, ஆனா அவ தம்பிகிட்ட மொதல்ல சொன்னது "நானே கற்பூரம் காட்டினேன்டா"ன்னுதான். அவனும் ஆசையா கேட்டுட்டிருந்தான், ஒரு துளி ஏக்கம் இல்ல, ஏன்னா அவன யாரும் தோத்தவன் மாதிரி நடத்தல.

அப்புறம் சீசன். ஸ்கூல் லீவு மே மாசம்ங்கறதால எல்லாரும் மே மாசம்தான் கெளம்பறாங்க, அதான் இருக்கறதுலயே மோசமான நேரம். கத்திரி வெயில்ல பாறை அடுப்பு மாதிரி ஆயிடும். புள்ளைங்களுக்கு எடைக்கு தோல் பரப்பு ஜாஸ்தி, வேர்வை நம்ம அளவுக்கு வராது, அதனால உடம்பு சீக்கிரம் சூடேறும். தாகம்னு கேக்கற வரைக்கும் காத்திருக்காம கொஞ்சம் கொஞ்சமா குடிக்க வச்சுட்டே இருக்கணும். காஞ்ச புல்லு இருக்கற மாசங்கள்ல தீ பயம் வேற, 2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத்தீய நாம மறக்கக்கூடாது, 20 பேருக்கு மேல போய்ட்டாங்க. அதுக்கப்புறம்தான் ட்ரெக்கிங்குக்குன்னு தனி விதிமுறையே வந்துச்சு. பாரஸ்ட்காரங்க பாதைய மூடினா மூடினதுதான், யாரையோ புடிச்சு உள்ள போறதெல்லாம் புள்ளைங்கள வச்சுக்கிட்டு செய்யற வேலையே இல்ல.

சரி மழைக்காலத்துல போலாமான்னா, 2024ல ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கம் கரை ஏறுச்சு, நம்ம கடலூரே தண்ணில கெடந்துச்சு, அதே மழைலதான் டிசம்பர் 1 அன்னிக்கு திருவண்ணாமலைல மலை சரிஞ்சு வீட்டுக்குள்ள இருந்த 7 பேரு செத்தாங்க, அதுல 5 பேரு கொழந்தைங்க. அந்த வருஷம் தீபத்துக்கு பக்தர்கள மலை ஏறவே விடல. ஊறிப்போன மலைய நம்ப முடியாது. என்னக் கேட்டா பொங்கல் லீவுதான் சரியான நேரம், காலைல குளிர்ச்சி, பாறை காஞ்சிருக்கும்.

மொதல்லயே பர்வதமலை வெள்ளியங்கிரின்னு நிக்காதீங்க. வெள்ளியங்கிரி ஏழு மலை, அது பெரியவங்களுக்கே உயிர் போற எடம், ஒவ்வொரு சீசன்லயும் நியூஸ் வருது. நமக்கு பக்கத்துலயே மயிலம் இருக்கு, அதுல ஆரம்பிங்க. அடுத்து செஞ்சி. அங்க கோட்டை இருக்கற ராஜகிரி மலை சுமார் 800 அடிதான், ஆனா சில எடத்துல படி ஒவ்வொண்ணும் சின்னப் புள்ளைக்கு முட்டி ஒசரம், லேசுன்னு நெனச்சிடாதீங்க. புள்ளைங்கள மேல இழுக்கறதுக்கு அங்க கதை இருக்கு. தேசிங்கு ராஜா கதை நம்ம பக்கத்துல தெரியாதவங்க யாரு? சிவாஜி 1677ல புடிச்ச கோட்டை, அவரு புள்ள ராஜாராம் உள்ள இருந்தப்ப மொகலாயப் படை வருஷக்கணக்கா முற்றுகை போட்டு 1698லதான் புடிச்சாங்க, இதச் சொல்லிட்டு "ஏன் அவ்ளோ நாளாச்சு"ன்னு கேட்டுட்டே ஏறுங்க, உச்சிக்கு முன்னாடி இருக்கற பாறைப் பிளவையும் அதுமேல இருக்கற பாலத்தையும் பாத்ததும் பதில் புள்ளைங்களே சொல்லும். 2025ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேந்திடுச்சு. காலைலயே போயிடுங்க, கையில தின்பண்டக் கவர் வேணாம், கொரங்கு புடுங்கிடும்.

பையில என்னன்னு கேட்டீங்கன்னா, தண்ணி, கடலை மிட்டாய், எலுமிச்சை சாதம், டார்ச், விசில், நல்லா பழகின ஷூ. மொத நாளே கால் நகத்த வெட்டிடுங்க. ஓஆர்எஸ் பவுடர் பாக்கெட், ஒரு லிட்டர் பாக்கெட்டுன்னா முழு ஒரு லிட்டர் தண்ணில கலக்கணும், டப்பால வர்ற இனிப்பு ஜூஸ் வேற, ஓஆர்எஸ்ஸுக்கு பதிலா அந்த ஜூஸ் ஆகாது. பழக்கறதுக்கு ஜிம்மெல்லாம் வேணாம், சில்வர் பீச் மணல்ல சாயங்காலம் நடந்தாலே கால் பலமாகும். ரெண்டு புள்ளைன்னா ரெண்டு பெரியவங்க கண்டிப்பா வேணும், ஒரு புள்ள திரும்பினா கூட எறங்க ஆள் இருக்கணும்ல. ஒத்தை ஆளா ரெண்டு மூணு புள்ளைங்கள கூட்டிட்டு போனா, திரும்பணும்ங்கற புள்ளையும் ஏறியாகணும், இல்ல ஏறணும்ங்கற புள்ளையும் எறங்கியாகணும். எத்தன மணி ஆனா எங்க இருந்தாலும் திரும்பறதுன்னு அடிவாரத்துலயே முடிவு பண்ணிக்கோங்க, மேல போய் முடிவு பண்ணா ஆசைதான் ஜெயிக்கும்.

சித்தப்பாவுக்கும் சேத்து சொல்றேன், வர்ற பொங்கல் லீவுல தங்கச்சி புள்ளைங்களையும் சேத்து செஞ்சி போறோம். ஃபோன் பையிலதான் இருக்கும், யாரு போதும்னு சொன்னாலும் ஒரு பெரியவங்க கூட எறங்கிடுவோம். நீங்களும் வாங்க, முட்டி வலிச்சா கோட்டைக்குள்ள கீழயே இருக்கற கல்யாண மகால் நெழல்ல ஒக்காருங்க, திரும்பி வர்ற புள்ளைக்கு அங்க தொணைக்கு ஒரு ஆள் வேணும்.