சத்தியம் மூன்றாம் நிலையில்தான்

(கவிதா டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவள். விதிப் புத்தகங்கள் அவளுக்கு மனப்பாடம். முரளி அவளுடைய சித்தி மகன். அவன் அதே புத்தகங்களில் ஓட்டை தேடுகிறவன். கதை சொல்லிப் பகடை உருட்டி ஆடும் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸில் புதிய ஆட்டத்துக்கு அவன் ஒரு கேரக்டர் உருவாக்க வேண்டும். ஆட ஆட அந்தக் கேரக்டர் ஒவ்வொரு நிலையாக மேலே ஏறும்.)

முரளி: அக்கா, முடிவு பண்ணிவிட்டேன். இந்தத் தடவை பாலடின், தர்மம் காக்கும் புனித வீரன்.

கவிதா: நீயா? போன ஆட்டத்தில் செத்துக் கிடந்தவன் பையில் முதலில் கைவிட்டதே நீதான். செத்தது நம்ம கூட்டாளிடா.

முரளி: அது என் ரோக், அந்தத் திருட்டுப் பயல், செய்த வேலை. எனக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை.

கவிதா: சரி, எதற்கு பாலடின்?

முரளி: தர்மத்துக்காக. அப்புறம் அந்த ஸ்மைட். வாள் பட்டுவிட்டது என்று தெரிந்த பிறகு, தெய்வ சக்தியையும் சேர்த்து இறக்கலாமாம். கை வைத்தால் காயம் ஆறும். நோய் நொடி அண்டாது. இவ்வளவும் ஒருத்தனுக்கே!

கவிதா: சும்மா கிடைக்காது. 1975ல் கிரேஹாக் துணைப் புத்தகத்தில் பாலடின் முதன்முதலாக வந்தபோதே, வசீகர மதிப்பெண் குறைந்தது 17 வேண்டும் என்றார்கள். மூன்று பகடையை அப்படியே உருட்டிக் கூட்டினால் 216க்கு 4 வாய்ப்புதான்.

முரளி: நல்லவனாக இருக்க வசீகரம் எதற்கு?

கவிதா: நீ உபதேசம் பண்ணும்போது பக்கத்தில் இருப்பவன் உன்னை அடிக்காமல் இருக்க.

முரளி: நியாயம்தான். மேலே சொல்லு.

கவிதா: 1978 புத்தகத்தில் இன்னும் இறுக்கினார்கள். பத்துக்கு மேல் மந்திரப் பொருள் வைத்துக்கொள்ளக் கூடாது. வருகிற பணத்தில் பத்தில் ஒரு பங்கு தானம்.

முரளி: செலவெல்லாம் போக மிச்சத்திலா?

கவிதா: கைக்கு வந்த உடனே. புதையலோ சம்பளமோ, எதுவானாலும்.

முரளி: (கொஞ்சம் யோசித்து) தானம் யாருக்கு? நம்ம கூட்டத்துப் பூசாரி கிளெரிக்கும் சாமி ஆள்தானே? அவனிடம் கொடுத்துவிட்டு ராத்திரி பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

கவிதா: கூட ஆடுகிறவர்களின் கிளெரிக்குக்குத் தரக் கூடாது என்று அடைப்புக்குறி போட்டே எழுதியிருக்கிறார்கள்.

முரளி: இவ்வளவு சந்தேகமா மனிதர்கள் மேல்!

கவிதா: உன்னை மாதிரி ஒருத்தனோடு ஆடியிருப்பார்கள். இன்னும் கேள். தெரிந்தே ஒரு தீய செயல் செய்தால் பாலடின் பதவி போய்விடும். திரும்பவே வராது.

முரளி: ஒரே ஒரு தப்புக்கா? இந்தப் பதிப்பு வேண்டாம். அடுத்ததைக் காட்டு.

கவிதா: துணிக்கடையா இது? சரி, 2000ல் வந்த மூன்றாம் பதிப்பு. மனிதனாகத்தான் இருக்க வேண்டும் என்பதை எடுத்துவிட்டார்கள். ஆனால் லாஃபுல் குட், அதாவது சட்டத்தையும் மதிக்கிற நல்ல குணம், கட்டாயம். பொய் சொல்லக் கூடாது, ஏமாற்றக் கூடாது, விஷம் பயன்படுத்தக் கூடாது.

முரளி: விஷத்தைத் தொடவே மாட்டேன். ரோக் தடவும்போது நான் திரும்பி நின்று இயற்கையை ரசிப்பேன்.

கவிதா: அந்த இயற்கைக் காட்சிக்குத்தான் முதலில் பதவி போகும்.

முரளி: தீமையைக் கண்டறியும் சக்தி உண்டல்லவா?

கவிதா: உண்டு. நினைத்தபோதெல்லாம் பார்க்கலாம்.

முரளி: அப்படியென்றால் சந்தையில் நுழைந்ததும் ஒரு பார்வை. தீமை தெரிகிற தலையெல்லாம் கீழே. மதியத்துக்குள் ஊர் சுத்தம்.

கவிதா: அங்கே ஒரு வட்டிக்காரன் இருக்கிறான். மனசு முழுக்க விஷம். ஆனால் இன்றுவரை சட்டப்படி ஒரு குற்றமும் செய்ததில்லை. அவன் தலையுமா?

முரளி: எதிர்காலத்தில் செய்வான்.

கவிதா: அப்போது காவலாளி உன்னைப் பிடிப்பான். அவன் நல்லவன், குழந்தை குட்டிக்காரன். அவனை என்ன செய்வாய்?

முரளி: ...ஊரை நாளைக்குச் சுத்தம் செய்துகொள்ளலாம்.

கவிதா: சரி, சின்னதாக ஒரு ஒத்திகை. குகை வாசலில் சண்டை முடிந்தது. ஒரே ஒரு கோப்ளின், குட்டிப் பூதம், மிச்சம். கத்தியைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டிருக்கிறது. ஒரு காதில் ரத்தம்.

முரளி: ஸ்மைட்.

கவிதா: சரணடைந்துவிட்டதுடா.

முரளி: மெதுவாக ஸ்மைட்.

கவிதா: முரளி!

முரளி: சரி, விட்டுவிடுகிறேன்.

கவிதா: நேராகப் போய்க் கூட்டத்தை அழைத்து வரும். உன் நண்பர்கள் நாலு பேரும் தூக்கத்திலேயே காலி.

முரளி: மரத்தில் கட்டிவைக்கிறேன்.

கவிதா: ராத்திரி ஓநாய் வரும்.

(இந்தக் கோப்ளின் உலகெங்கும் எத்தனையோ மேசைகளில் மண்டியிட்டிருக்கிறது. எல்லோருக்கும் பிடித்த பதில் எந்தப் பதிப்பிலும் கிடையாது. பாதி ஆட்ட நேரம் அதற்கே போய்விடும்.)

முரளி: ரோக்கை விட்டு முடிக்கச் சொல்கிறேன். நான் இயற்கையை...

கவிதா: இயற்கையைப் பற்றி இனிப் பேசாதே.

முரளி: பிறகு என்னதான் வழி? கூடவே கூட்டிக்கொண்டு போவதா? தீயவர்களோடு சேரக் கூடாது என்று அதே விதியில் இருக்கிறதே! மாட்டிக்கொண்டாயா?

கவிதா: கைதி வேறு, கூட்டாளி வேறு. கூட்டிக்கொண்டு போ. உன் சாப்பாட்டில் பாதி அதற்கு. குளிருக்கு உன் போர்வை. ராத்திரி முழுக்க நீ காவல்.

முரளி: மற்றவர்கள் முறை போட்டு விழிக்க மாட்டார்களா?

கவிதா: அவர்கள் ஏன் விழிக்க வேண்டும்? விரதம் உனக்குத்தானே? நீ வாக்குக் கொடுத்துவிட்டு ரோக்கைப் பட்டினி போட்டால் அதற்குப் பெயர் தர்மமா?

முரளி: பாலடின் என்றால் மற்றவர்களைத் திருத்துகிற வேலை என்று நினைத்தேன்.

கவிதா: பாதிப் பேர் அப்படித்தான் ஆடுகிறார்கள். பூட்டைத் தொட்டால் பிரசங்கம், உளவு பார்த்தால் பிரசங்கம். கடைசியில் டிராகன் வந்தால், கூட்டமே டிராகன் பக்கம் நிற்கும்.

முரளி: அக்கா, கடைசியாகக் கேட்கிறேன். 2014 பதிப்பில் லாஃபுல் குட் கட்டாயமே இல்லையாமே?

கவிதா: (பெருமூச்சு விட்டு) இல்லை. அதற்குப் பதில் சத்தியம். பக்தி, தொன்மை, பழிவாங்கல் என்று மூன்று வகை. ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

முரளி: பழிவாங்கல்! அதில் என்ன சத்தியம்?

கவிதா: பெரிய தீமையை முதலில் எதிர்க்க வேண்டும். ஜென்ம விரோதிக்கு இரக்கம் கிடையாது. அதற்கு எந்த வழியும் சரிதான்.

முரளி: எந்த வழியுமா! இத்தனை வருஷம் இதை ஏன் மறைத்தாய்? இதுதான் என் கொள்கை. எழுது.

கவிதா: நாலாவதையும் கேள். எதிரி உலகத்தை நாசம் செய்தால், அவனைத் தடுக்கத் தவறிய நீதான் பொறுப்பு. பாதிக்கப்பட்டவர்களுக்கு நீதான் உதவ வேண்டும். அவன் ஊரை எரித்தால் கூரை வேய்ந்து தருவது நீ.

முரளி: எல்லா வீட்டுக்குமா?

கவிதா: மாட்டுக் கொட்டகை உட்பட.

முரளி: (புத்தகத்தைப் பிடுங்கிப் புரட்டுகிறான். முகம் மெல்ல மலர்கிறது.) அக்கா. சத்தியம் மூன்றாம் நிலையில்தானே?

கவிதா: ஆமாம்.

முரளி: ஸ்மைட் இரண்டாம் நிலையிலேயே வந்துவிடுகிறது.

கவிதா: ஆமாம். அதனால்?

முரளி: இரண்டிலேயே நின்றுவிடுகிறேன். மேலே ஏறவே மாட்டேன். ஸ்மைட் உண்டு, சத்தியம் இல்லை!

கவிதா: நோய் அண்டாத வரமும் மூன்றில்தான் வரும். ஆயுள் முழுக்க இருமிக்கொண்டே சண்டை போடுவாயா?

முரளி: கஷாயம் குடித்துக்கொள்கிறேன்.

கவிதா: மற்றவர்கள் பத்தாம் நிலையில் டிராகனோடு மோதும்போது?

முரளி: பின்னால் நின்று ஆசி வழங்குவேன்.

கவிதா: தாராளமாக. ஆனால் கூட வருகிற அந்தக் கோப்ளின் உன்னிடம் வாள் பிடிக்கக் கற்று, அதுவும் இரண்டாம் நிலைக்கு வந்துவிட்டது. அடுத்த சண்டையோடு மூன்று. சத்தியம் செய்ய மனப்பாடம் பண்ணிக்கொண்டிருக்கிறது.

முரளி: கோப்ளினா? பாலடினா?

கவிதா: நான்தானே டிஎம்.

முரளி: அது எந்தச் சத்தியம் எடுக்கப்போகிறது?

கவிதா: பழிவாங்கல். யாரோ சரணடைந்தவன் மேல் மெதுவாக ஸ்மைட் போடப் பார்த்தார்களாம்.

முரளி: (ரப்பரைத் தேடியபடி) அதற்குப் போர்வையை முழுசாகவே கொடுத்துவிட்டதாக எழுதிக்கொள் அக்கா.