டியூ கட்டும் விண்வெளிக் கப்பலுக்கு ஆள் தேவை

டிராவலர் ஆட ஆள் சேருமா என்று ஆழம் பார்க்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிராவலர் 1977இல் வந்த, விண்வெளியில் கதை நடக்கும் ரோல்பிளேயிங் கேம். மார்க் மில்லர் வடிவமைத்தது, இல்லினாய்ஸ் மாநிலத்தில் இருந்த கேம் டிசைனர்ஸ் ஒர்க்‌ஷாப் வெளியிட்டது. சின்னதாய் ஒரு பெட்டி, உள்ளே கறுப்பு அட்டை போட்ட மூன்று மெல்லிய புத்தகங்கள், அவ்வளவுதான். இந்த மாதிரி கேமே ஆடாதவர்களுக்கு: ஒருவர் ரெஃப்ரி, அதாவது ஆட்டத்தை நடத்துகிறவர். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டர். பேசிப் பேசித்தான் கதை நகரும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் இரண்டு டைஸை உருட்டுவோம். எட்டோ அதற்கு மேலோ விழுந்தால் பெரும்பாலும் காரியம் ஜெயம்.

பழைய கேம் என்றதும் "நாஸ்டால்ஜியாவா?" என்று கேட்கிறார்கள். 1977இல் நான் பிறக்கவே இல்லை. எனக்கு இது பிடித்ததற்குக் காரணம் வேறு. நான் பார்த்த கேம்களில் நாற்பது வயதுக்காரர்களுக்கென்றே செய்த மாதிரி இருப்பது இது ஒன்றுதான்.

கேரக்டர் உருவாக்குவதிலேயே அது தெரிந்துவிடும். பதினெட்டு வயதில் தொடங்குகிறோம். கடற்படை, மரைன், ராணுவம், ஸ்கவுட் (புது இடங்களை வேவு பார்க்கிறவர்கள்), வணிகக் கப்பல், இதர தொழில் என்று ஆறு வழி. கேட்ட இடத்தில் எடுக்கவில்லை என்றால் டிராஃப்ட், டைஸ் எங்கே தள்ளுகிறதோ அங்கே போக வேண்டியதுதான். நான்கு நான்கு வருடமாக சர்வீஸ் ஓடும். ஒவ்வொரு நான்கு வருடத்துக்கும் உயிரோடு இருக்கிறோமா என்று ஒரு உருட்டு. ஸ்கவுட்டில் 7ஓ அதற்கு மேலோ வேண்டும். உடல் தெம்பு இல்லாத ஆளுக்கு பிழைக்கும் வாய்ப்பு 58 சதவீதம்தான். 34 வயதிலிருந்து மூப்பு தொடங்கும், பலமும் சுறுசுறுப்பும் குறைய ஆரம்பிக்கும். சர்வீஸை முடித்து, கொஞ்சம் பணமும் சில திறமைகளும் கையில் வந்த பிறகுதான் ஆட்டமே ஆரம்பம்.

ஆம், ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே உங்கள் ஆள் செத்துப்போகலாம். 2008இல் மங்கூஸ் பதிப்பகம் கொண்டுவந்த புதுப் பதிப்பில் இதை மாற்றி, விபத்து, வேலை போச்சு என்று ஆக்கிவிட்டார்கள். நல்ல பதிப்புதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்னும் ஒரு நான்கு வருடம் இருந்தால் பதவி உயரும், இருக்கலாமா கிளம்பலாமா என்று கை நடுங்குவதே சாவு இருப்பதால்தான். நான் நடத்தினால் பழைய விதிதான்.

இனி பணம். எனக்கு இந்த கேமின் உயிரே இதில்தான் இருக்கிறது. வணிகக் கப்பலில் கேப்டன் வரை போனவருக்கு ஓய்வுக்குப் பின் ஒரு ஃப்ரீ டிரேடர், அதாவது சின்ன சரக்குக் கப்பல், கிடைக்க வாய்ப்புண்டு, ஆனால் நாற்பது வருடக் கடனோடு. விலை 3 கோடியே 70 லட்சத்து 80 ஆயிரம் கிரெடிட். அதில் 240இல் ஒரு பங்கு மாதா மாதம், 480 மாதம். கணக்குப் போட்டால் மாதம் 1,54,500.

சரக்குக் கூடத்தில் 82 டன் கொள்ளும். டன்னுக்கு வாடகை 1,000. ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதுதான் ஜம்ப். அது முடிய ஒரு வாரம், இறக்கி ஏற்ற ஒரு வாரம், ஆக மாதம் இரண்டு டிரிப். கூடம் நிறைந்து ஓடினாலும் சரக்கில் வருவது 1,64,000. டியூ போக மிச்சம் 9,500. ஜம்ப் ஒன்றுக்கு எரிபொருள் 20 டன், சுத்திகரித்தது டன் 500. அதற்கே மாதம் 20,000 வேண்டும், அங்கேயே துண்டு விழுகிறது! சுத்திகரிக்காதது டன் 100தான். ஆனால் அதைப் போட்டால் ஜம்ப் தவறி எங்கோ வெற்றிடத்தில் போய் நிற்கும் அபாயம் உண்டு. பயணிகளை ஏற்றினால் கொஞ்சம் தேறும். ஏற்ற வேண்டியதுதான், வருகிறவன் யாரென்று கேட்காமல்.

நாமக்கல் பக்கம் ஃபைனான்ஸில் லாரி எடுத்து ஓட்டுகிறவரிடம் இதைச் சொன்னால் ஒரு வரி விளக்கம் தேவைப்படாது. ரிட்டன் லோடு கிடைக்காமல் மூன்று நாள் நின்றவர், சீல் வைத்த பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்க மாட்டார். டிராவலரில் கதை அங்கேதான் பிறக்கிறது. உலகத்தைக் காப்பாற்றும் தீர்க்கதரிசனம் எல்லாம் நான் எழுதி வைக்கத் தேவையே இல்லை. 28ஆம் தேதி வந்தால் போதும். டியூ கட்டாமல் கம்பி நீட்டலாம்தான். கப்பலைப் பறிக்க ஆள் வருவதற்கும் விதி இருக்கிறது.

இன்னொரு அழகு, ஒளியை மிஞ்சும் தகவல் தொடர்பு கிடையாது. செய்தி கப்பலில்தான் போகும். நீங்கள் ஓடிவந்த விஷயம் உங்களுக்குப் பின்னால் வரும் கப்பலில் வந்து சேரும். அந்த ஒரு வார இடைவெளியில் எவ்வளவு செய்யலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆமாம், கம்ப்யூட்டர் விஷயம் சிரிப்பாகத்தான் இருக்கும். கப்பலின் கம்ப்யூட்டர் ஒரு டன் இடத்தை அடைத்துக்கொள்ளும், விலை 20 லட்சம், ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு புரோகிராம்தான் ஓடும். சண்டை நடக்கும்போது குறி பார்க்கும் புரோகிராமா, தப்பிக்கும் புரோகிராமா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இன்றைக்குத் தகுந்த மாதிரி மாற்றலாமே என்கிறார்கள். மாற்ற மாட்டேன். அது 1977இன் எதிர்காலம், அப்படியே இருக்கட்டும்.

இந்த கேமுக்கென்று அதிகாரபூர்வமான விண்வெளிப் பேரரசு வரலாறு ஒன்று பின்னால் வந்தது, பெரியது. அதைத் தொடப்போவதில்லை. எட்டுக்குப் பத்து கட்டத்தில் சொந்தமாக ஒரு சப்செக்டர், அதாவது ஒரு துண்டு விண்வெளி வரைபடம், டைஸ் போட்டு உருட்டத் தொடங்கிவிட்டேன். வந்து விழுந்த ஓர் உலகம்: 4,000 மைல் விட்டம், மிக மெல்லிய மாசுபட்ட காற்று, சொட்டுத் தண்ணீர் இல்லை, மக்கள்தொகை பத்துக் கோடியைத் தாண்டும், தொழில்நுட்பம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க நிலை. முகமூடி இல்லாமல் வாசலுக்கு வர முடியாத ஊரில் இத்தனை கோடிப் பேர் எப்படி? யார் தண்ணீர் கொண்டுவருகிறார்கள், என்ன விலைக்கு? டைஸ் கேள்வியை மட்டும் தரும். பதிலை நான் எழுத வேண்டும், அதுதான் எனக்கு ஜாலி.

நடைமுறைக்கு வருகிறேன். ஆட்டம் தமிழில். டிஸ்கார்டில் குரல் மட்டும், கேமரா வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, இந்திய நேரம் இரவு ஏழரை. சிங்கப்பூரில் பத்து மணி, லண்டனில் மதியம், டொராண்டோவில் காலைக் காப்பி நேரம். மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுக்க மாட்டேன். நான்கைந்து பேர் போதும். விதி தெரிந்திருக்க வேண்டியதில்லை, கூட்டல் கழித்தல் தெரிந்தால் சரி.

ஒரு நாள் வர முடியவில்லை என்றால் உங்கள் ஆள் கேபினில் படுத்திருப்பார். சொல்லாமல் கொள்ளாமல் வராதவரின் ஆள் குளிர்ப்படுக்கைக்கு, அதாவது உறையவைத்த தூக்கத்துக்கு, போவார். எழுப்பும்போது 5ஓ அதற்கு மேலோ உருட்ட வேண்டும் என்பது விதி, ஆறில் ஒருவர் எழுந்திருப்பதில்லை. நல்ல மருத்துவர் கூட இருந்தால் கொஞ்சம் தேவலை. ஆகவே யாராவது டாக்டராக வாருங்கள்.

லெவல் ஏறணும், புது சக்தி வரணும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஒத்துவராது. இதில் லெவலே கிடையாது. சண்டையும் அப்படித்தான், துப்பாக்கிச் சூட்டில் இரண்டு ரவுண்டுக்குள் ஆள் விழலாம். இவை தெரிந்தே வருகிறேன் என்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்: எந்த ஊர், ஞாயிறு ஒத்துவருமா, ஆறு சர்வீஸில் எது வேண்டும். மூன்று பேர் தேறினாலே தொடங்கிவிடலாம். முதல் செஷன் முழுக்க கேரக்டர் உருட்டுவதுதான். ஸ்கவுட் கேட்பவர்கள் கையோடு இரண்டாவது பெயர் ஒன்றும் யோசித்து வையுங்கள்.