ஃபேக்டரி காலிபரேஷன் இருந்தால் போதுமா? உண்மை விளக்கம்

“காலிபரேஷன் ரிப்போர்ட்டோடு வரும் மானிட்டரை வாங்கினால் போதும், அப்புறம் காலிபரேட் செய்யவே வேண்டாம்” என்று ஒரு தகவல் வீடியோ எடிட்டர்களிடையே சுற்றுகிறது. காலிபரேஷன் என்றால் திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளந்து, சரியான அளவுக்குக் கொண்டுவருவது. ஒருமுறை செய்தால் போதும் என்பது தவறு.

ரிப்போர்ட் பொய்யல்ல. ஆனால் அது தொழிற்சாலையில் அளந்த அன்றைய நிலை. பேக்லைட்டும் (திரைக்குப் பின்னால் உள்ள விளக்கு) ஓஎல்இடி பிக்சல்களும் (தாமே ஒளிரும் புள்ளிகள்) ஓட ஓட மங்கும். வெள்ளை மெல்ல ஏதோ ஒரு நிறத்தின் பக்கம் சாயும். நம் கண் அதற்குப் பழகிவிடுவதுதான் பெரிய ஆபத்து. மஞ்சளாகிப்போன திரையைச் சரியானது என்றே நம்பி, படத்தின் நிறத்தைத் தவறாக மாற்றிவிடுவோம். அதனால் கண்ணை நம்பாதீர்கள். திரையை அரை மணி நேரம் ஓடவிட்டு, கலரிமீட்டரால் (திரையின் நிறத்தை அளக்கும் கருவி) அளந்து பாருங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

ரிப்போர்ட் எந்த மோடுக்கானது என்பதையும் கவனியுங்கள். எஸ்ஆர்ஜிபி மோடில் (கணினி, இணையப் படங்களுக்கான நிற அமைப்பு) எடுத்த அளவு வீடியோவுக்கு நேரடியாகப் பொருந்தாது. எஸ்டிஆர் கிரேடிங்கிற்கு, அதாவது ஹெச்டிஆர் அல்லாத சாதாரண வீடியோவின் நிறத்தைச் சீர்செய்ய, ரெக். 709 நிறப்பரப்பு (ஹெச்டி வீடியோவுக்கான தரம்), டி65 வெள்ளை (பகல் வெளிச்சத்தை ஒத்த வெள்ளை), மங்கலான அறையில் காமா 2.4 (இடைப்பட்ட வெளிச்ச அளவுகள் எப்படித் தெரியும் என்பதற்கான எண்), உச்ச வெளிச்சம் 100 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) என்பதுதான் வழக்கமான இலக்கு. பல மானிட்டர்கள் பெட்டியிலிருந்து எடுத்ததுமே இதைவிட மிகப் பிரகாசமாக இருக்கும்.

சரி, மானிட்டர் துல்லியமாகிவிட்டது. அப்போதும் கணினியின் கலர் மேனேஜ்மென்ட் (நிறங்களைத் திரைக்கு ஏற்ப மாற்றும் மென்பொருள் வசதி) நடுவில் புகுந்து நிறத்தை மாற்றலாம். வீடியோவை நேரடியாக மானிட்டருக்கு அனுப்பும் தனி வீடியோ அவுட்புட் கார்டு வழியாக சிக்னலை அனுப்பினால் அந்தத் தொல்லை இல்லை.