தோற்ற தலைவருக்கு அரசு மரியாதை கிடையாதா?

'மக்கள் தோற்கடித்த தலைவருக்கு அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு நடத்தச் சட்டம் அனுமதிக்காது' என்று மதுரைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. அப்படி ஒரு சட்டமே இல்லை, முடிவெடுப்பது அரசு.

நம்ம திருமங்கலத்தில் பிறந்த விஜயகாந்தையே பாருங்கள். 2016 தேர்தலில் உளுந்தூர்பேட்டையில் டெபாசிட் இழந்தார். 2023 டிசம்பரில் இறந்தபோது எந்த அரசுப் பதவியிலும் இல்லை. ஆனாலும் துப்பாக்கிக் குண்டுகள் முழங்க, முழு அரசு மரியாதையோடுதான் அடக்கம் செய்தார்கள். 1967இல் விருதுநகரில் தோற்ற காமராசருக்கும் 1975இல் அரசு மரியாதை கிடைத்தது.

அப்புறம், இது தலைவர்களுக்கு மட்டுமானதும் இல்லை. உடலுறுப்பு தானம் செய்பவர்களின் இறுதிச்சடங்கும் அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. பிடிக்காத தலைவருக்குக் கொடுக்கலாமா என்று தாராளமாக வாதாடுங்கள். இல்லாத சட்டத்தைச் சொல்லி மட்டும் பரப்பாதீர்கள்.