காயில் கட்டுகிறவனுக்கு ஆராய்ச்சி எதற்கு?

ஒரு கூட்டத்தில் எங்களைப் பற்றி ஒருவர் பேசிய அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நான் அந்தக் கூட்டத்தில் நேரிலேயே உட்கார்ந்திருந்தேன். மேடையில் பேசியவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, நீங்களும் கமெண்டில் எழுதாதீர்கள். பம்பு மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிறவர்கள் எல்லாம் ட்ரோன் மோட்டார் ஆராய்ச்சி என்று கிளம்பினால் அரசுப் பணம்தான் வீணாகும், அவரவர் ஜாப் ஒர்க்கை (பிறர் தரும் கூலி வேலையை) ஒழுங்காகச் செய்தால் போதும் என்றார். முன் வரிசை கை தட்டியது. பேச்சைவிட அந்தக் கைதட்டல்தான் எனக்கு வலித்தது. அந்த வரிசையில் பட்டறையில் தொடங்கி மேலே வந்தவர்களும் இருந்தார்கள்.

சரி, கோவையில் பம்பு மோட்டார் செய்யும் எங்கள் பட்டறைக்கு ஆராய்ச்சி வேலை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் யார் செய்வது?

2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை போட்டார்கள். நல்ல முடிவு. ஆனால் உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி செல் என்று உள்ளே இருப்பதில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வந்துகொண்டே இருந்தது. 2025 பிப்ரவரியில் சீன பாகங்கள் இருக்கின்றன என்று சொல்லி ராணுவத்துக்கான 400 ட்ரோன்களின் ஒப்பந்தம் ரத்தானது. அதே ஆண்டு ஏப்ரலில் சீனா அரிய மண் காந்தங்களின், அதாவது அரிய மண் உலோகங்கள் சேர்த்த வலுவான காந்தங்களின், ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. அந்தக் காந்தம் இல்லாமல் ட்ரோன் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லாமல் ட்ரோன் இல்லை. அந்த மாதங்களில் கோவையிலும் ஓசூரிலும் இருக்கும் சின்னப் பட்டறைகளுக்குத்தான் போன் வந்தது, "அண்ணா, உங்களால் செய்து தர முடியுமா?" என்று. அப்போது எங்களைப் பார்த்து, நீ காயில் கட்டுகிறவன் என்று யாரும் சொல்லவில்லை.

ட்ரோன் மோட்டார் என்பது பம்பு மோட்டாரின் குட்டி இல்லை. அதில் வெளி ஓடு சுற்றும், காயில் உள்ளே நிற்கும். பம்புக்கு அரை மில்லிமீட்டர் தகடு போதும். இதற்கு 0.2 மில்லிமீட்டர் சிலிக்கான் ஸ்டீல் தகடு வேண்டும், இல்லையென்றால் அந்த வேகத்தில் தகடே சூடாகிவிடும். இதில் போடுவது நியோடிமியம் என்ற அரிய மண் காந்தம். அதில் சாதாரண ரகம் 80 டிகிரியைத் தாண்டினால் வலுவை இழக்கத் தொடங்கும். சூட்டைத் தாங்க டிஸ்ப்ரோசியம் என்ற இன்னொரு அரிய மண் உலோகம் சேர்த்த ரகம் வேண்டும், சீனா கட்டுப்படுத்தியதும் அதைத்தான்.

ராணுவத்துக்கு என்றால் இந்த மோட்டார் மலையிலும் ஓட வேண்டும். லடாக்கில் உள்ள லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான். அதே எடையைத் தூக்க இறக்கை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிக வேகத்தில் சுற்ற வேண்டும். மோட்டார் அதிகம் உழைக்கும், ஆனால் அதைக் குளிர்விக்கும் காற்று குறைவு. ஓடாமல் நிற்கும்போதோ கடும் குளிர். அந்தக் குளிரில் காந்தம் ஒட்டிய இரும்பு வளையம் சுருங்குகிறது, காந்தம் அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. நடுவில் மாட்டிக்கொள்வது பசைதான். நாங்கள் செய்த மோட்டாரைக் குளிர் அறையிலிருந்து எடுத்து ஓட்டிப் பார்த்தபோது ஒரு காந்தம் பிய்ந்து ஓட்டுக்குள் சிக்கி, காயிலையே கிழித்துவிட்டது. பசையை மாற்றி, வளையத்தில் பள்ளம் வெட்டி, ஒட்டும் முறையை மாற்றி, மறுபடி குளிரில் வைத்து, மறுபடி ஓட்டி... இதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லையென்றால் வேறு என்ன?

எங்கள் பட்டறையில் காயில் கட்டும் அக்கா ஒருவர் இருக்கிறார். கடைசிச் சுற்றில் கம்பியை எந்தப் பக்கம் வெளியே எடுத்தால் இன்னொரு சுற்றுக்கு இடம் கிடைக்கும் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். டிசைன் போட்ட பையன் கம்ப்யூட்டரில் அந்த இடம் இல்லை என்றான். அவர் விரலால் தள்ளிக் காட்டினார். அந்த ஒரு சுற்றால் மோட்டாரின் சூடு இறங்கியது. அவரையும் சேர்த்துத்தான் அந்த மேடையில் இருந்து பேசினார்கள்.

பணத்துக்கு வருகிறேன். 2018-இல் சென்னைக்கு அருகே திருவிடந்தையில் நடந்த ராணுவக் கண்காட்சியில், சிறு நிறுவனங்கள் ராணுவத்துக்குப் புதுச் சாதனம் உருவாக்கப் பணம் தரும் ஐடெக்ஸ் திட்டத்தை அறிவித்தார்கள். ஒன்றரைக் கோடி வரை மானியம். நல்ல திட்டம், மறுக்கவில்லை. சென்னை பிக் பேங் பூம் நிறுவனம் ட்ரோன் எதிர்ப்புக் கருவிக்குப் பெரிய ஆர்டர் வாங்கியது அந்த வழியில்தான். ஆனால் செலவில் பாதியை நாம் போட வேண்டும். நாங்கள் அந்தப் பாதியை விவசாயிக்குப் பம்பு விற்ற காசில் இருந்துதான் எடுக்கிறோம். ஐடெக்ஸில் ஜெயித்தால் நேரடியாகக் கொள்முதல் செய்ய வழி இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் முழு சாதனம் செய்கிறவருக்குத்தான் உதவுகிறது. அதற்குள் இருக்கும் மோட்டாரைச் செய்கிறவனுக்கு முதல் ஆர்டர் யார் தருவது?

என் கேள்வி இது ஒன்றுதான். முதல் ஆர்டர் யார் தருவது?

எங்கள் மோட்டார் போட்ட ட்ரோனை ஒரு ட்ரோன் நிறுவனம் ராணுவ ட்ரயலுக்கு, அதாவது சோதனை ஓட்டத்துக்கு, எடுத்துப்போனது. வழக்கமான விதி, "நோ காஸ்ட் நோ கமிட்மென்ட்". அதாவது செலவு முழுக்க உங்களுடையது, பாஸானாலும் வாங்குவோம் என்ற உறுதி கிடையாது. வானிலை சரியில்லை என்று ட்ரயல் தள்ளிப்போனது, அந்தச் செலவும் எங்கள் தலையில். கடைசியில் மோட்டார் பாஸானது. டெண்டர் வந்ததும் அதே நிறுவனம் விலையைக் குறைக்க வெளிநாட்டு மோட்டாருக்கு மாறிவிட்டது. எல்-1, அதாவது இருப்பதிலேயே குறைந்த விலை சொன்னவராக, வர வேண்டுமே! அவர்களை நான் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். விலை குறைந்தவனுக்குத்தான் ஆர்டர் என்று விதி எழுதிவிட்டு, ஆராய்ச்சி செய்தவன் ஏன் தோற்றான் என்று கேட்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அமெரிக்காவில் 1982-இல் சிறு நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கென்றே சட்டம் போட்டார்கள், எஸ்.பி.ஐ.ஆர். என்பார்கள். வெளியாருக்கு ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் ஆராய்ச்சிப் பணம் தரும் அரசுத் துறைகள், அதில் 3.2 சதவீதத்தைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கியே ஆக வேண்டும் என்ற அளவுக்கு அது வளர்ந்தது. முதல் கட்டத்தில் யோசனை நடக்குமா என்று பார்க்கப் பணம், இரண்டாவதில் மாதிரி செய்யப் பணம். பாதியை நீ போடு என்ற பொது நிபந்தனை கிடையாது. மூன்றாவது கட்டத்தில், புதிதாகப் போட்டி வைக்காமல் அதைச் செய்தவரிடமே அரசு வாங்கலாம். செல்போன் சிப் செய்யும் க்வால்காம் சின்ன நிறுவனமாக இருந்தபோது இந்தப் பணத்தை வாங்கியிருக்கிறது. அங்கேயும் எல்லாம் ஜெயிப்பதில்லை. தோற்றவனைக் கூட்டம் போட்டுத் திட்டுவதில்லை, அவ்வளவுதான்.

"சிப்பாயின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் சின்னப் பட்டறையை நம்ப முடியுமா?" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. நம்ப வேண்டாம், சோதியுங்கள். எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் சோதியுங்கள். சோதிக்கும் செலவை மட்டும் சோதிக்கிறவர் ஏற்கட்டும். "சிலர் சீன மோட்டாரில் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்களே" என்கிறார்கள். ஆமாம், விற்கிறார்கள். அவர்களைப் பிடியுங்கள். அதற்காக என் பட்டறையை ஏன் இழுக்கிறீர்கள்? "மானியத்துக்கு அலைகிறீர்கள்" என்ற வார்த்தைக்கு என்னிடம் பொறுமை இல்லை. மானியம் வருவதற்கு முன்பே எங்கள் கோவை மோட்டார் செய்தது. 1937-இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர் இது.

2022-23 பட்ஜெட்டில் ராணுவ ஆராய்ச்சிப் பணத்தில் 25 சதவீதத்தைத் தொழில்துறைக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் திறந்துவிடுவதாகச் சொன்னார்கள். சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி என்று ஐந்து ஊரைச் சேர்த்து ராணுவத் தொழில் வழித்தடம் என்றார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸில் பிறந்த அக்னிகுல், 3டி பிரின்டரில் ஒரே துண்டாக அச்சடித்த இன்ஜினுடன் 2024 மே மாதம் ராக்கெட் ஏவியபோது இந்த ஊர்ப் பட்டறைகளில் எத்தனை பேர் சந்தோஷப்பட்டோம் தெரியுமா? அதற்கு முன் அவர்கள் ஏவுவதைப் பலமுறை கடைசி நேரத்தில் நிறுத்த வேண்டி வந்தது. அப்போதே வீண் செலவு என்று கடையைச் சாத்தச் சொல்லியிருந்தால் இன்றைக்கு என்ன இருக்கும்?

எங்களிடம் டிசைன் செய்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். நல்ல சம்பளம், போகட்டும். போகும்போது அவன் கேட்டது, "நாம செஞ்சதை யாராவது வாங்குவாங்களா சார்?" என்றுதான். மேடையில் இருந்தவருக்கு ஆராய்ச்சி என்பது பெரிய இடத்து வேலை. இப்படிப்பட்ட பையன்களை இங்கே தக்க வைக்க என்ன செய்தீர்கள் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. பம்பு மோட்டார் செய்துகொண்டு நான் நிம்மதியாக இருக்கலாம். கடன் இருக்காது, இந்தப் பேச்சும் கேட்க வேண்டியிருக்காது. அப்படி நாங்கள் எல்லோரும் நிறுத்திவிட்டால் அடுத்த முறை காந்தம் நிற்கும்போது யாருக்குப் போன் போடுவார்கள்?

ஐந்து ஊர்களிலும் ட்ரயலுக்குப் போய் வந்தவர்கள் இன்பாக்ஸில் எழுதுங்கள். எந்தச் சாதனம், எந்த லேப், எவ்வளவு செலவு, ட்ரயலுக்குப் பிறகு ஆர்டர் வந்ததா, இல்லையா. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ரகசியம் என்று கையெழுத்துப் போட்ட விவரம் எதையும் எழுதாதீர்கள். வந்ததைத் தொகுத்துச் சங்கத்திடம் எழுத்தில் கொடுக்கப் போகிறேன். பில் நகல் இருந்தால் எடுத்து வையுங்கள்.