கொஞ்சம் பார்த்துக்கோங்கக்கா

அம்மாக்களுக்குத் தோழிகள் வேண்டும் என்று பேச்செடுத்தால், "அதுக்கெல்லாம் எங்க நேரம்?" என்பதுதான் முதல் பதில். சொல்வதும் பெரும்பாலும் அம்மாக்களே. தோழி இல்லாததால்தான் நமக்கு நேரமே இல்லை என்று நான் நினைக்கிறேன். பிள்ளையை ஒரு மணி நேரம் நம்பி விட ஆள் இல்லை. அதனால் பேங்க் வேலை நிற்கிறது, பல்வலிக்கு டாக்டரைப் பார்ப்பது தள்ளிப்போகிறது, தலைக்குக் குளிக்கக்கூட ஞாயிற்றுக்கிழமை வரவேண்டியிருக்கிறது.

நம் ஊரில் பேறுகாலத்துக்கு ஆள் உண்டு. வளைகாப்பு போட்டு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். பத்தியச் சாப்பாடு, பூண்டுக் குழம்பு, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டத் தெரிந்த ஒரு பாட்டி என்று எல்லாம் நடக்கும். அங்கன்வாடி மூலமாக அரசே சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கணவருக்கு வேலை கிடைத்த ஏதோ ஒரு ஊரின் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் சிக்கல். மகப்பேறு சட்டத்தில் 2017இல் வந்த திருத்தத்துக்குப் பின் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு. நல்ல ஏற்பாடுகள், இன்னும் எத்தனையோ பெண்களுக்குப் போய்ச் சேர வேண்டியவை. ஆனால் வீட்டில் கிடைக்கும் அந்த மாதங்களில், காலையில் கணவர் கிளம்பியதிலிருந்து இரவு திரும்பும் வரை கைக்குழந்தையோடு மட்டும் இருக்கிறவளுக்குப் பேச்சுத்துணை எந்த அரசாணையிலும் வராது.

இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். குழந்தை பெற்ற பெண்களில் உலக அளவில் சுமார் 13 விழுக்காட்டினரும், வளரும் நாடுகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவரும் மனநலப் பாதிப்புக்கு ஆளாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பெரும்பங்கு மனச்சோர்வு. அதற்கு மருத்துவரிடம் போகத்தான் வேண்டும், தோழி மருந்தாக மாட்டாள். ஆனால், "நீ ஏன் இப்படி இருக்க? வா, டாக்டரப் பாத்துட்டு வருவோம்" என்று முதலில் சொல்ல ஒருத்தி வேண்டுமே. கூடவே இருக்கிறவர்களுக்கு அது பல நேரம் கண்ணில் படுவதில்லை. பிள்ளை பெற்ற அலுப்பு என்று விட்டுவிடுகிறார்கள்.

ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் 'ஏக்ஜுட்' என்ற அமைப்பு நடத்திய வேலையை நான் பலரிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். பழங்குடி மக்கள் அதிகம் வாழும் கிராமங்களில் பெண்கள் மாதம் ஒருமுறை வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். படம், கதை, விளையாட்டு வழியாகப் பிரசவத்திலும் சிசுவுக்கும் வரும் ஆபத்துகளைப் பேசி, என்ன செய்யலாம் என்று அவர்களே முடிவெடுத்தார்கள். கூட்டத்தை நடத்தியதும் உள்ளூர்ப் பெண்தான். 2005 முதல் 2008 வரை நடந்த ஆய்வின் முடிவு 2010இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. குழு இருந்த பகுதிகளில் பச்சிளம் குழந்தை இறப்பு 32 விழுக்காடு குறைவு. தாய்மாரின் மனச்சோர்வில் முதலில் பெரிய மாற்றமில்லை. மூன்றாம் ஆண்டில், நடுத்தர அளவிலான மனச்சோர்வு 57 விழுக்காடு குறைந்திருந்தது. மூன்றாம் ஆண்டில் என்பதைக் கவனியுங்கள். இரண்டு கூட்டத்துக்குப் போய்விட்டு "எனக்கு யாரும் செட் ஆகல" என்கிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

செட் ஆவது என்பதையே கொஞ்சம் தள்ளி வையுங்கள். அம்மாக்களின் நட்பு ஒத்த ரசனையில் தொடங்க வேண்டியதில்லை, ஓர் உதவி கேட்பதில் தொடங்கினால் போதும். ஆனால் நம்மை வளர்த்த விதம் அப்படி இல்லை. யாருக்கும் கடன்படக் கூடாது, வீட்டுக் கஷ்டம் வாசல் தாண்டக் கூடாது என்றே சொல்லி வளர்த்தார்கள். அப்படியே கேட்டுவிட்டாலும் மொய் நோட்டு மாதிரி மனசுக்குள் எழுதி வைத்து, மறுநாளே ஒரு டப்பா கேசரியோடு போய்க் கணக்கை முடித்துவிடுகிறோம். அத்தோடு போக்குவரத்தும் முடிந்துவிடுகிறது.

என் மகனுக்குப் பேச்சு வரத் தாமதமானது. அரசு மருத்துவமனை வளாகத்திலுள்ள மையத்துக்குப் பயிற்சிக்கு அழைத்துப் போகத் தொடங்கினேன். உள்ளே முக்கால் மணி நேரம் பயிற்சி நடக்கும், வெளியே சுவரோரப் பெஞ்சில் அம்மாக்கள் உட்கார்ந்திருப்போம். அப்பாக்கள் அபூர்வம். எல்லாரும் குனிந்து போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். பேச்சைத் தொடங்கியவர் பூ விற்கும் ஓர் அக்கா. மடியில் முல்லை அரும்பைக் கொட்டிவைத்துத் தொடுத்துக்கொண்டே, நிமிராமல் கேட்டார்: "பேரச் சொல்லிக் கூப்புட்டா திரும்பிப் பாக்குறானா?"

சொந்தக்காரர் யாரும் கேட்காத கேள்வி அது. அவர்கள் எல்லாரும் "ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க, அவங்கப்பாவும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்.

"இல்லக்கா."

"எம்பொண்ணும் அப்படித்தான் இருந்தா. இப்ப திரும்புறா. நாளாச்சு, ஆனா திரும்புறா."

டாக்டர்கள் பொறுமையாக எவ்வளவோ விளக்கியிருக்கிறார்கள். எனக்குத் தூக்கம் வந்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பெஞ்சில் கற்றது கொஞ்சநஞ்சமல்ல. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு என்னென்ன காகிதம் வேண்டும், பராமரிப்பு உதவித்தொகைக்கு எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே தெரிந்துகொண்டதுதான். ஒரு பள்ளியில் "இந்த மாதிரிப் பிள்ளைகளை நாங்க சேக்குறதில்ல" என்று திருப்பி அனுப்பியபோது, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடில்லாமல் சேர்த்தாக வேண்டும் என்று எடுத்துக் காட்டியவர் பக்கத்தில் இருந்த இன்னொரு அம்மா. அந்தப் பக்கத்தைப் போனில் சேமித்தே வைத்திருந்தார்.

மாமியாரை அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளில், பூக்கார அக்காவிடம்தான் கேட்டேன். "இவனக் கொஞ்சம் பார்த்துக்கோங்கக்கா." எப்போது வருவாய் என்றுகூட அவர் கேட்கவில்லை. இரவு போனபோது என் மகன் அவர் வீட்டுத் தரையில் ரசஞ்சோறு தின்றுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். வீட்டில் ரசத்தைத் தொடாத பிள்ளை. அடுத்த வாரம் அவர் என்னிடம் வந்து, "லோன் பாரம் ஒண்ணு இருக்கு, இங்கிலீசுல இருக்கு, உக்காந்து எழுதிக் குடு" என்றார். இருவரும் இன்றுவரை எந்தக் கணக்கையும் முடிக்கவில்லை. அதனால்தான் அந்தப் பழக்கம் நிற்கிறது.

எங்கள் குடியிருப்பில் இது ஏன் நடக்கவில்லை என்று யோசித்திருக்கிறேன். அங்கே புதிதாக வருகிறவளிடம் "எந்த ஊரு?" என்பார்கள், அடுத்த கேள்வி "நீங்க என்ன ஆளுங்க?". அதற்கு வரும் பதிலை வைத்துத்தான் யார் பிள்ளை யார் வீட்டில் சாப்பிடலாம் என்பது முடிவாகிறது. டிபன் பாக்ஸில் முட்டை இருந்தால் பக்கத்தில் உட்காராதே என்று நாலு வயதுப் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புகிற அம்மாக்களை எனக்குத் தெரியும். இது எனக்கு ஆறவே ஆறாத கோபம். பிள்ளைகளின் தட்டைப் பிரித்து வைத்துவிட்டு அம்மாக்கள் நெருங்கிப் பழக முடியாது. பள்ளி வாட்ஸ்அப் குழுவில் நூறு பேர் இருக்கிறோம். ஹோம்வொர்க், யூனிஃபார்ம் கலர், குட்மார்னிங் படம். யாருடைய பிள்ளை எத்தனை மார்க் என்ற நினைப்பு உள்ளே ஓடும்வரை அங்கே ஒருத்தியும் "எனக்கு முடியல" என்று எழுத மாட்டாள்.

பெஞ்சில் அந்தப் போட்டி இல்லை, மறைக்கவும் ஒன்றுமில்லை. சாதாரணப் பிள்ளைகளின் அம்மாக்களும் அந்த இடத்துக்கு வந்து சேரலாம். முதலில் ஒருத்தி உண்மையைச் சொல்ல வேண்டும்.

வேலைக்குப் போகிற அம்மாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூங்கா நட்பெல்லாம் மாலை ஐந்து மணிக்கு. அந்நேரம் அவர்கள் பஸ்ஸில் நிற்கிறார்கள். அவர்களுக்கு இருப்பது ஞாயிறு காலை ஒன்றுதான். அதையும் கறி எடுக்க, இட்லிக்கு மாவரைக்க, வாரத் துணி துவைக்க என்று வீடு எடுத்துக்கொள்கிறது. இதைப் படிக்கும் அப்பாக்களிடம் கேட்கிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது பிள்ளையையும் அடுப்பையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி யாரைப் பார்க்கப் போகிறார், என்ன பேசினார், ஏன் இவ்வளவு நேரம் என்ற விசாரணை வேண்டாம். நீங்கள் டீக்கடையில் நின்று பேசிவிட்டு வரும்போது அவர் கேட்பதில்லையே.